ஏர் பிஸ்டல் சைட்டை வீட்டிலேயே மாற்ற எந்தக் கருவிக்குக் காசு போடலாம்?

திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. கையில் இருப்பது .177 ஏர் பிஸ்டல், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் ஓடுவது, மேலே ஸ்லைடு, அதாவது குழலை மூடியிருக்கும் உலோகப் பகுதி, உள்ள வகை. குறிபார்க்கும் பின் சைட் ஸ்லைடின் குறுக்கே ஒரு டவ்டெயில் பள்ளத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. 10 மீட்டரில் சுட்டால் குண்டுகள் இடப்பக்கமாகவே விழுகின்றன. பழைய சைட்டை எடுத்துவிட்டு வேறு ஒன்றைப் போட வேண்டும். இணையத்தில் விற்கிற சைட் புஷர்களில், அதாவது சைட்டை ஸ்க்ரூவால் தள்ளும் கருவிகளில், மலிவானதை வாங்கலாமா, சுத்தியும் அடித்துத் தள்ளும் பஞ்ச் கம்பியுமே போதுமா, ஃப்ரீஸரில் வைத்தால் தானே கழன்றுவிடும் என்கிறார்களே அது உண்மையா, 3000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது என்று கேட்கிறார். எந்த பிராண்ட் நல்லது என்று கேட்பது போலத் தெரிந்தாலும், ஸ்லைடைக் கெடுக்காமல் இந்த வேலையைக் குறைந்த செலவில் முடிக்க எதற்குக் காசு போட வேண்டும் என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி. அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

நான் துப்பாக்கி ரிப்பேர்க்காரன் இல்லை. பெரம்பூர்ப் பக்கம் டூல்ரூமில் ஃபிட்டராகப் பல வருடம் வேலை பார்த்தவன். டவ்டெயில் வெட்டுவதும், அரம் போட்டுப் பொருத்துவதும், இறுகிப்போனதைக் கீறல் விழாமல் எடுப்பதும்தான் என் தொழில். கிளப்பில் சுடுகிற பிள்ளைகள் சிலருடைய ஏர் பிஸ்டல்களில் இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன். பள்ளம், பொருத்தம், தள்ளும் விசை பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பிஸ்டலை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாத இடங்கள் சில உண்டு. அவை வரும்போது சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், வேறு யாராவது இதைப் படித்துவிட்டுத் தவறான பொருளில் கை வைத்துவிடக் கூடாது. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, துப்பாக்கியைத் தயாரிக்கவும் விற்கவும் மட்டுமல்ல, பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும் என்கிறது. லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கும் நிஜத் துப்பாக்கி என்றால் அதன் சைட்டை வீட்டில் கழற்றாதீர்கள், உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் கொடுங்கள். உங்களுடையது குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குக் குறைந்த .177 ஏர் பிஸ்டல், அதனால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பார்க்க நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். லேத் பட்டறைக்கோ டூல்ஸ் கடைக்கோ போகும்போது முழு பிஸ்டலைப் பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறாதீர்கள். ஸ்லைடை மட்டும் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துப் போனால் போதும். பல நேரம் அதுகூடத் தேவையில்லை. நுட்பமாக அளக்கும் வெர்னியரில் அளவெடுத்து ஒரு தாளில் படம் வரைந்து கொண்டு போங்கள், பட்டறைக்காரருக்கு அது போதும்.

அடுத்து, சைட்டில் கை வைப்பதற்கு முன், தவறு சைட்டில்தானா என்று பார்த்துவிடுங்கள். வலது கையால் சுடுகிற புதியவர்களுக்கு இடப்பக்கமும் கொஞ்சம் கீழேயும் குண்டு விழுவது மிகச் சாதாரணம். டிரிகரை நேராகப் பின்னால் இழுக்காமல் கையோடு சேர்த்து வெட்டி இழுத்தால் முன் முனை இடப்பக்கம் சாயும். அது சைட்டின் குற்றம் இல்லை. மேசையில் ஒரு மணல் பையை வைத்து, அதன் மேல் கையைத் தாங்க வைத்து ஐந்து குண்டு சுடுங்கள். பிறகு பழக்கமுள்ள ஒருவரை அதே மாதிரி சுடச் சொல்லுங்கள். இரண்டு பேருடைய குண்டுகளும் ஒரே இடத்தில் இடப்பக்கம் விழுந்தால் சைட்டை மாற்றலாம். அவருக்கு நடுவில் விழுந்து உங்களுக்கு மட்டும் இடப்பக்கம் போனால், கருவிக்கு வைத்திருக்கும் காசைக் குண்டுக்கும் பயிற்சிக்கும் செலவழியுங்கள். இதை மொட்டை மாடியில் செய்து பார்க்க வேண்டாம். நம் பக்கத்து மாடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பவை, குண்டு எகிறினால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ரேஞ்சில் செய்யுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

சரி, சைட்தான் என்று முடிவாகிவிட்டது. இப்போது அந்தப் பள்ளத்தைப் பார்ப்போம். டவ்டெயில் பள்ளம் அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கும். பக்கச் சுவர்களின் சாய்வு பெரும்பாலும் 60 டிகிரி, சிலவற்றில் 65. சைட்டின் அடிப்பாகம் அதே வடிவத்தில், பள்ளத்தை விட ஒரு மி.மீ.யில் நூறில் சில பங்கு பெரிதாக இருக்கும். அந்த மிகச் சிறிய மிகைதான் அதை இறுக்கிப் பிடித்து வைக்கிறது. சைட் மேலே வர முடியாது, பக்கவாட்டில் மட்டுமே நகர முடியும். ஆகவே நமக்கு வேண்டியது பக்கவாட்டில், அடிப்பாகத்துக்கு நேராக, சாயாமல் தள்ளும் ஒரு விசை. அந்த விசை அடிப்பாகத்தில் விழாமல் மேலே தெரியும் காதுகளில் விழுந்தால் சைட் நகர்வதற்குப் பதிலாகக் கவிழப் பார்க்கும். அப்போது கீழ் விளிம்பு பள்ளத்தின் சுவரைக் கடிக்கும். ஸ்லைடு கெடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

இதோடு ஸ்லைடு எதனால் ஆனது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்த வகை ஏர் பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றின் ஸ்லைடு எஃகு இல்லை, துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றி வார்த்தது. கனமாக இருக்கும், கையில் எடுத்தால் எஃகு மாதிரியே தோன்றும். காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாது. வார்ப்பு உலோகம் அமுக்கத்தை ஓரளவு தாங்கும், அடியைத் தாங்காது. பள்ளத்தின் மேல் உதடு மெலிந்த இடம். அங்கே சுத்தி அடி விழுந்தால் வளையாது, உடைந்து துண்டாகவே வரும். அதை ஒட்டவும் முடியாது, வெல்டிங் வைக்கவும் முடியாது. எஃகு ஸ்லைடில் சுத்தியும் பித்தளை பஞ்ச் கம்பியும் வைத்து வேலை செய்பவர்கள் நிறைய உண்டு, அது தவறான முறையும் இல்லை. உங்கள் ஸ்லைடில் காந்தம் ஒட்டவில்லை என்றால் சுத்தியை மறந்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது.

அப்படியானால் சைட் புஷர் வாங்க வேண்டுமா? அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. 10 மி.மீ. போல்ட் ஒன்றை 20 செ.மீ. நீளக் கைப்பிடியில் 5 கிலோ அழுத்தம் கொடுத்துத் திருகுங்கள். உராய்வில் போவது போக, போல்ட்டின் முனையில் சுமார் 500 கிலோ விசை கிடைக்கும். ஐந்து கிலோ அழுத்தத்தை ஒரு சின்னப் பையனே கொடுத்துவிடுவான். எந்த மலிவான ஸ்க்ரூவும் உங்கள் சைட்டைத் தள்ளப் போதுமானது, ஆகையால் தள்ளும் விசைக்காகக் காசு கொடுக்காதீர்கள். ஸ்லைடை அசையாமல் பிடிப்பதும், தள்ளும் கட்டையைச் சாயாமல் வழிநடத்துவதும்தான் கஷ்டமான காரியம். விலை உயர்ந்த கருவிக்கும் மலிவான கருவிக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

வெளிநாட்டில் நல்ல புஷர்கள் நூறு டாலரைத் தாண்டிப் போகின்றன. அவற்றில் ஒரு குறிப்பிட்ட பிஸ்டலுக்கென்றே செய்தவை உண்டு, எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்பவையும் உண்டு. நம் கைக்கு எட்டும் விலையில் வருபவை அநேகமாக இரண்டாவது வகை, அலுமினிய உடம்போடு வருபவை. எல்லாமே மோசம் என்று ஒதுக்க மாட்டேன். வாங்கத்தான் வேண்டும் என்றால் படங்களைப் பெரிதாக்கி இவற்றைப் பாருங்கள். தள்ளும் ஸ்க்ரூ நேராக அலுமினியத்தில் மரை போட்டு ஓடுகிறதா, அல்லது எஃகு, பித்தளை புஷ், அதாவது உள்ளே மரை போட்ட வளையம், ஒன்று பதித்து அதில் ஓடுகிறதா? அலுமினிய மரை நாலு இறுக்கமான சைட்டைத் தள்ளியதும் தேய்ந்துபோகும். தள்ளும் கட்டை ஸ்க்ரூவின் முனையில் தொங்கிக்கொண்டிருக்கிறதா, இல்லை இரண்டு பக்கமும் கம்பியில் ஓடுகிறதா? தொங்கும் கட்டை லோடு ஏறியதும் மேலே தூக்கும். கட்டையின் அடிவிளிம்பு ஸ்லைடின் மேற்பரப்பைத் தொடும் அளவுக்குக் கீழே இறங்குமா? இறங்காவிட்டால் அது சைட்டின் காதைத்தான் தள்ளும், முன்னே சொன்ன கவிழ்தல் நடக்கும். ஸ்லைடைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களின் முனையில் நைலானோ பித்தளையோ இருக்கிறதா? கடைசியாக, உங்கள் ஸ்லைடின் அகலமும் உயரமும் அதன் வாயில் அடங்குமா? எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள், அளவைக் கேட்டு வாங்குங்கள். விற்பவர் அளவு சொல்ல மாட்டேன் என்றால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் புஷர் வாங்க மாட்டேன். அந்த 3000-க்குள், பொருளை இரண்டு தாடைக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் ஒரு நல்ல 3 அங்குல ட்ரில் வைஸ் வாங்குவேன். சைட் மாற்றுவது ஒரு தடவை செய்கிற வேலை. வைஸ் வீட்டில் இருந்தால் சைக்கிள் பெடல் பேரிங் முதல் மிக்ஸி கப்ளர் வரை வருடம் முழுக்க உதவும். மேசை விளிம்பில் கவ்விப் பிடிக்கும் சின்ன வைஸ்கள் ஆடும், அவை வேண்டாம். ட்ரில் வைஸை ஒரு கனமான பலகையில் நாலு போல்ட் போட்டு இறுக்கினால் வாடகை வீட்டில்கூடப் பயன்படுத்தலாம், வேலை முடிந்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

வாங்குவதற்கு நம் ஊரைப் போல வசதியான இடம் கிடையாது. லிங்கிச் செட்டி தெருவிலும் பிராட்வே பக்கமும் டூல்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இணையத்தில் வாங்குவதை விட அங்கே போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள், காரணம் வைஸைக் கண்ணால் பார்த்துத் தேற முடியாது. கடையிலேயே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். தினசரிப் பேப்பரிலிருந்து இரண்டு சின்னத் துண்டு கிழித்து, வைஸின் இரண்டு தாடைகளுக்கு நடுவே வலக்கோடியில் ஒன்றும் இடக்கோடியில் ஒன்றுமாக வைத்து லேசாக இறுக்குங்கள். இரண்டையும் இழுத்துப் பாருங்கள். ஒன்று பிடிபட்டு மற்றது நழுவி வந்தால் தாடைகள் இணையாக இல்லை. அடுத்து ஒரு மரத்துண்டை நடுவில் வைத்து நன்றாக இறுக்கி, நகரும் தாடையின் மேல் விரலை வைத்துக்கொள்ளுங்கள். இறுக இறுக அது மேலே எழும்புவது விரலுக்குத் தெரியும். கொஞ்சம் எழும்பாத மலிவு வைஸே கிடையாது. கண்ணுக்கே தெரியும்படி எழும்பினால் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வைஸோடு இரண்டு கட்டைகள் வேண்டும். ஒன்று தள்ளும் கட்டை, பித்தளையில். அதன் மூக்கு உங்கள் டவ்டெயிலின் மேல்வாய் அகலத்தை விட ஒரு மி.மீ. குறைவாகவும், பள்ளத்தின் ஆழத்துக்குள் அடங்கும்படியும், 12 மி.மீ. நீளம் துருத்திக்கொண்டும் இருக்க வேண்டும். சைட் நகர நகர அதன் பின்னாலேயே அந்த மூக்கு பள்ளத்துக்குள் நுழையும். இன்னொன்று தாங்கும் கட்டை, 12 மி.மீ. கனமுள்ள அலுமினியத்தில். அதில் சைட் முழுசாக நுழைந்து வெளியே வரும் அளவுக்கு மேலே திறந்த ஒரு வாய் வெட்டியிருக்க வேண்டும். ஸ்லைடு இரண்டுக்கும் நடுவே குறுக்காக உட்காரும். வைஸை இறுக்கினால் பித்தளை மூக்கு சைட்டின் அடிப்பாகத்தைத் தள்ளும், எதிர்ப்பக்கத்தில் அலுமினியக் கட்டை ஸ்லைடைத் தாங்கும், சைட் அந்த வாய்க்குள் போகும். வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கம் இருக்கும் சின்னப் பட்டறைகளில் படம் வரைந்து கொடுத்தால் இது சின்ன வேலை. காசிமேட்டில் படகு எஞ்சின் பார்க்கும் பட்டறைகளில் பழைய பித்தளை புஷ், துண்டுக் கம்பி கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். மரத்தில் செய்யலாமா என்று கேட்பீர்கள். தாங்கும் கட்டையைத் தேக்கில் செய்தால் ஒரு தடவைக்குத் தாங்கும். தள்ளும் மூக்கை மரத்தில் செய்தால் நசுங்கிவிடும்.

வேலையைத் தொடங்கும்போது சிலிண்டரை எடுத்துவிடுங்கள், மேகசினைக் கழற்றுங்கள், குழலில் குண்டு இல்லை என்று கண்ணால் பாருங்கள், பாதுகாப்பான பக்கம் பார்த்து ஒரு தடவை டிரிகரை அழுத்திப் பாருங்கள். அப்புறம் ஸ்லைடை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு மற்றதைத் தனியாக வையுங்கள். சைட்டின் மேலேயோ பின்னாலேயோ பக்கத்திலேயோ ஊசிமுனை அளவில் ஒரு ஆலன் ஸ்க்ரூ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் அதைத் தளர்த்தாமல் தள்ளவே கூடாது. தள்ளினால் அந்த ஸ்க்ரூவின் முனை பள்ளத்தின் தரையில் உழுதுகொண்டே போகும். சில பிஸ்டல்களில் அந்த ஸ்க்ரூ சைட்டின் அடியில், ஸ்லைடின் உட்பக்கத்திலிருந்து வரும், அதனால் ஸ்லைடைத் திருப்பியும் பாருங்கள். உங்களுடையதில் எங்கே இருக்கிறது என்பது பார்த்தால்தான் தெரியும். அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் போட்டால் சொல்லிவிடலாம்.

ஸ்லைடின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, சைட்டின் இரண்டு ஓரத்திலும் கூர்மையான பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஸ்லைடின் வலது ஓரத்திலிருந்து சைட்டின் வலது ஓரம் வரை வெர்னியரில் அளந்து எழுதி வையுங்கள். இந்த அளவு பின்னால் தங்கம் மாதிரி உதவும். ஸ்லைடின் உட்பக்கம் குழிவாக இருக்கும். அதில் அளவாகச் சீவிய மரத்துண்டு ஒன்றைச் செருகிவிட்டால் பக்கச் சுவர்கள் உள்ளே அமுங்காது. பிறகு வைஸை மெதுவாக இறுக்குங்கள். முதலில் ஒன்றும் நடக்காது, கைப்பிடி கடினமாகிக்கொண்டே போகும். திடீரென்று ஒரு சின்ன 'டக்' சத்தம் கேட்கும், கைப்பிடி லேசாகும். பிடிப்பு விட்டுவிட்டது என்று அர்த்தம். சத்தத்துக்குப் பயந்து வேலையை விட்டுவிட வேண்டாம், ஆனால் அங்கே ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்க வேண்டும். சைட் நேராக நகர்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று பக்கத்திலிருந்து பாருங்கள். சாய்ந்திருந்தால் தள்ளும் மூக்கு உயரத்தில் இருக்கிறது, இறக்கி வையுங்கள். நேராக இருந்தால் மிச்ச தூரத்தையும் தள்ளி எடுத்துவிடலாம். கையால் முழுப் பலம் கொடுத்தும் அசையவில்லை என்றால் இன்னும் நீளமான கைப்பிடி தேட வேண்டாம். கண்ணுக்குத் தப்பிய ஒரு ஸ்க்ரூவோ பின்னோ இருக்கிறது, அல்லது துரு பிடித்திருக்கிறது.

துரு நம் பக்கத்துக்காரர்களுக்கு முக்கியமான விஷயம். எண்ணூர் முதல் ராயபுரம் வரை கடல் காற்றிலேயே வாழ்கிறோம். ஸ்லைடு துத்தநாகக் கலவையாக இருந்தாலும் சைட் எஃகு என்றால் அது துருப்பிடித்துப் பள்ளத்தில் பூட்டிக்கொள்ளும். டபிள்யூ.டி.-40 மாதிரி ஊடுருவும் எண்ணெயில் ஒரு சொட்டை ஊசி முனையில் எடுத்து இரண்டு பக்கமும் வைத்து ஒரு இரவு விடுங்கள். ஸ்லைடைத் தனியாகக் கழற்றி வைத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். அந்த எண்ணெய் ரப்பர் சீல்களில் படுவது நல்லதில்லை. இதைப் படிக்கும் ஸ்ப்ரிங் பிஸ்டன் வகைக்காரர்கள் இன்னும் கவனமாக இருங்கள். எண்ணெய் அமுக்க அறைக்குள் போனால், சுடும்போது அழுத்தத்தின் சூட்டில் அது பற்றிக்கொண்டு சீலையும் ஸ்ப்ரிங்கையும் கெடுக்கும்.

ஃப்ரீஸர் விஷயத்துக்கு வருகிறேன். அலுமினியமும் துத்தநாகமும் சூட்டில் எஃகை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், குளிரில் அதே அளவு சுருங்கும். முழு ஸ்லைடையும் ஃப்ரீஸரில் வைத்தால், சைட்டை விடப் பள்ளம்தான் அதிகமாகச் சுருங்கும். தளர்வதற்குப் பதிலாக இன்னும் இறுகும். அப்படியானால் சூடு பண்ணலாமா என்றால், 10 மி.மீ. அகலமுள்ள பள்ளத்தில் 60 டிகிரி சூடேற்றினாலும் கிடைக்கும் தளர்வு ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஏழு முதல் ஒன்பது பங்குதான். அதற்காகப் பெயிண்டும் பிளாஸ்டிக்கும் கெடும் அளவுக்குச் சூடாக்குவது வேண்டாத வேலை. ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பூட்டுப் பசை போட்டிருந்தால் சூடு உதவும் என்பது உண்மை. நீல நிறப் பசை சாதாரணக் கைக்கருவிக்கே விட்டுக்கொடுக்கும், அதற்குச் சூடு தேவையில்லை.

எந்தப் பக்கமாகத் தள்ளுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. பின்னாலிருந்து பார்க்கும்போது இடமிருந்து வலமாக எடுக்க வேண்டும், வலமிருந்து இடமாகப் போட வேண்டும் என்பது பழைய வழக்கம். பள்ளத்தை ஒரு பக்கம் மயிரிழை அகலமாக வெட்டிய காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இப்போது மெஷினில் வெட்டும் பள்ளங்களில் பெரும்பாலானவை இரு பக்கமும் ஒரே அகலம், எந்தப் பக்கம் தள்ளினாலும் சரி. உங்களுடையது எந்த வகை என்று ஊகிப்பதை விட, பள்ளத்தின் வாயை இரண்டு ஓரத்திலும் வெர்னியரின் கூர்முனையால் அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அகலமான பக்கமாக எடுங்கள். தெரியாவிட்டால் பழைய வழக்கத்தையே பின்பற்றுங்கள், அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

புது சைட் போடும்போது அவசரம் ஆகாது. சைட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் பள்ளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரம் போக வேண்டும், மிச்சத்தை வைஸ் தள்ள வேண்டும். விரலுக்கே முழுசாகப் போனால் தளர்வு, அது நிற்காது. முனைகூட நுழையவில்லை என்றால் அரம் போட வேண்டும். எங்கே போடுவது என்பதில்தான் ஆட்கள் தவறுகிறார்கள். ஸ்லைடின் பள்ளத்தில் ஒருபோதும் அரம் வைக்காதீர்கள். சைட்டின் அடிப்பாகத்தில் மட்டும் வையுங்கள், அதிலும் முதலில் அடித்தட்டையில். அது பள்ளத்தின் தரையில் இடிக்கிறதா என்பதை, மார்க்கர் பேனாவால் முழு அடியையும் கறுப்பாக்கி, கொஞ்சம் நுழைத்து வெளியே எடுத்துப் பாருங்கள். எங்கே கறுப்பு தேய்ந்திருக்கிறதோ அங்கே இரண்டு இழுப்பு, பிறகு மறுபடி கறுப்பு, மறுபடி சோதனை. சாய்வுப் பக்கத்தில் தேய்க்க வேண்டி வந்தால் மூன்று பட்டை அரத்தில் ஒரு பட்டையைக் கிரைண்டரில் பல் போகும்படி வழவழப்பாகத் தேய்த்து வாங்குங்கள். அந்த வழவழப்பான பக்கம் தட்டையில் உரசும், பல் உள்ள பக்கம் சாய்வை மட்டும் எடுக்கும். பைபர் இழை வைத்த பச்சை, சிவப்புப் புள்ளி சைட் என்றால் அரம் போடும் முன் இழையைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். அசிட்டோனால் துடைக்கவே கூடாது, பிளாஸ்டிக் இழை பாழாகிவிடும்.

இனி இடம் வைப்பது. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ பின் சைட்டை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். உங்களுக்கு இடப்பக்கம் விழுகிறது, ஆகவே பின் சைட் வலப்பக்கம் போக வேண்டும். எவ்வளவு என்பதற்குக் கணக்கு எளிது. குண்டு தவறிய தூரத்தை, முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் உள்ள இடைவெளியால் பெருக்கி, சுடும் தூரத்தால் வகுத்தால் சைட் நகர வேண்டிய அளவு கிடைக்கும். உங்கள் வகை பிஸ்டலில் அந்த இடைவெளி 160 மி.மீ. போல இருக்கும், நீங்கள் அளந்து பாருங்கள். 10 மீட்டரில் 40 மி.மீ. இடப்பக்கம் விழுகிறது என்று வைத்துக்கொண்டால் 40-ஐ 160-ஆல் பெருக்கி 10,000-ஆல் வகுக்க 0.64 மி.மீ. வருகிறது. அவ்வளவுதான் நகர வேண்டும். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் உள்ள தூரம் 8 மி.மீ. அந்த ஒரு வளையத்துக்கு உங்கள் சைட் 0.13 மி.மீ. நகர்ந்தால் போதும். ஒரு சுத்தி அடியில் 0.13 மி.மீ. நகர்த்த யாராலும் முடியாது. ஸ்க்ரூவில் முடியும்.

இந்த எண்ணைப் பார்த்தால் உங்களுக்கே இன்னொன்று தோன்றியிருக்கும். உங்கள் குறை இடப்பக்கம் விழுவது மட்டும்தான் என்றால், பழைய சைட்டையே அரை மி.மீ. வலப்பக்கம் தள்ளினால் போதுமே, புது சைட் எதற்கு? உண்மைதான். முதலில் அதைச் செய்து பாருங்கள். உயரத்திலும் கோளாறு இருந்தால் மட்டும் மாற்றும் வேலைக்கு இறங்குங்கள். அப்போது பின் சைட் உயர்ந்தால் குண்டு உயரும், முன் சைட் உயர்ந்தால் குண்டு இறங்கும் என்பதை வைத்து, அதே கணக்கில் எவ்வளவு உயரமுள்ள சைட் வேண்டும் என்று கண்டுபிடித்த பிறகு ஆர்டர் போடுங்கள்.

கணக்குப்படி நகர்த்தியதும் முன்னே எழுதி வைத்த அளவோடு வெர்னியரில் ஒப்பிடுங்கள். சாதாரண வெர்னியர் 0.02 மி.மீ. வரை காட்டும், இந்த வேலைக்கு அது தாராளம். ஆலன் ஸ்க்ரூ இருந்தால் இப்போதைக்கு லேசாக மட்டும் இறுக்கி, மணல் பையில் வைத்து மறுபடி ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள். ஒரே குண்டைப் பார்த்து நகர்த்தாதீர்கள், ஐந்தின் நடுவைப் பாருங்கள். மிச்சம் இருந்தால் மறுபடி கணக்குப் போட்டு நகர்த்துங்கள். நடுவில் வந்துவிட்டால் ஸ்க்ரூவை எடுத்து, மரையில் எண்ணெய் இல்லாமல் துடைத்து, ஒரு துளி நீலப் பசை வைத்து இறுக்குங்கள். டேப்பை உரித்துவிட்டு, சைட்டுக்கும் ஸ்லைடுக்கும் சேர்த்து ஓரத்தில் மெல்லிய வெள்ளை பெயிண்டால் மயிரிழைக் கோடு ஒன்று போடுங்கள். அடுத்த சில வாரப் பயிற்சிக்குப் பிறகு அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்து தெரிந்தால் பொருத்தம் தளர்வு என்று அர்த்தம். அப்படி ஆனால் பள்ளத்தை நசுக்கி இறுக்கப் பார்க்காமல், கொஞ்சம் பெரிய அடியுள்ள சைட் ஒன்றை வாங்கி அரம் போட்டுப் பொருத்துங்கள்.